ரெவிட்டில் பீம் லேபிளை நாமே அமைப்பது: பெங்களூருக்குப் புதிதாக வந்திருக்கும் டிராஃப்டர்களுக்கு

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து பெங்களூருக்கு வருகிற சிவில் பிள்ளைகளுக்கு, கட்டடத்தை மாடலாகச் செய்யும் ரெவிட் மென்பொருளில் பீம் ஓட்டவும் பில்லர் நிறுத்தவும் நன்றாகவே தெரிகிறது. பயிற்சி மையங்கள் அதுவரைக்கும் சரியாகச் சொல்லித்தருகின்றன. சொல்லித்தராமல் விடுவது டேக்கை, அதாவது பீமின் விவரத்தை மாடலிலிருந்து எடுத்து டிராயிங்கில் காட்டும் லேபிளை. வேலையில் சேர்ந்த புதிதில் சீனியர் வந்து, "தம்பி, இந்த ஃப்ளோருக்கு பீம் நம்பர், சைஸ், சங்கன் லெவல் மூணும் வர்ற மாதிரி டேக் பண்ணிக் குடு" என்பார். ரெவிட்டோடு வரும் டேக்கில் அந்த மூன்றும் சேர்ந்து வராது. உடனே பலர் கை டெக்ஸ்ட் கட்டளைக்குப் போய்விடும். எழுத்தைத் தட்டி பீமுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள்.

அதைச் செய்யாதீர்கள். டெக்ஸ்ட்டுக்கும் பீமுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டிசைனர் நாளைக்கு 300x600 பீமை 300x750 ஆக்கினால் மாடல் மாறும், டெக்ஸ்ட் அப்படியே நிற்கும். பிளானில் ஒன்று, செக்‌ஷனில் ஒன்று. சைட்டிலிருந்து சென்ட்ரிங் மேஸ்திரி, "சார், இதுல எது சரி?" என்று போன் செய்யும்போது பலகை அடித்து முடித்திருப்பார்கள். லேபிளில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் மாடலிலிருந்து தானாக வர வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். கான்கிரீட் பீம் ஒன்றை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவோம்.

முதலில் பேப்பர்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் உதாரணத்துக்கு மூன்று வரி:

பி12
300x600
(-300)

முதல் வரி பீம் எண். இரண்டாவது அகலமும் ஆழமும். மூன்றாவது சங்கன் லெவல், அதாவது ஃப்ளோர் மட்டத்திலிருந்து பீம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது. பெங்களூர் அபார்ட்மென்ட்களில் பாத்ரூம் ஸ்லாப்பை இறக்கிப் போடுவது சகஜம். அங்கே வரும் பீமுக்கு மட்டும் இந்த மூன்றாவது வரி வேண்டும், மற்ற பீம்களில் வரவே கூடாது.

எழுதியதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், "இந்தத் தகவல் மாடலில் எந்த இடத்தில் இருக்கிறது?" என்று குறித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி வேலை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பீம் எண்ணுக்கு ரெவிட்டில் 'மார்க்' என்று ஒரு பாராமீட்டர் (ஒரு பொருளின் விவரத்தை வைத்திருக்கும் கட்டம்) ஏற்கெனவே உண்டு. ஆனால் நம் ஊர் வழக்கத்தில் ஒரே சைஸ், ஒரே கம்பி உள்ள பீம்களுக்கு ஒரே எண்ணைக் கொடுக்கிறோம். ஒரு ஃப்ளோரில் ஐந்தாறு இடத்தில் 'பி12' வரலாம். 'மார்க்'கில் ஒரே மதிப்பைத் திரும்பக் கொடுத்தால் ரெவிட் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தால், கவனிக்க வேண்டிய நிஜமான எச்சரிக்கை அதற்குள் புதைந்துபோகும். அதனால் பீம் எண்ணுக்குத் தனியாக ஒரு பாராமீட்டர் உருவாக்குவதே நல்லது.

சைஸுக்கு எளிய வழி 'டைப் நேம்'. ஒரே அளவுள்ள பீம்களைச் சேர்த்து வைக்கும் டைப்புக்கு 300x600 என்று பெயர் வைத்து அதையே லேபிளில் காட்டிவிடலாம். பல ஆபீஸ்களில் இப்படித்தான் ஓடுகிறது. கான்கிரீட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். யாராவது அவசரத்தில் ஆழத்தை 750 ஆக்கிவிட்டுப் பெயரை மாற்ற மறந்தால், டெக்ஸ்ட் தட்டியதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. பீம் ஃபேமிலியில் (அந்த வகை பீமுக்கான மூல ஃபைலில்) உள்ள அகலம், ஆழம் என்ற இரண்டு எண்களையும் நேரடியாகப் படிக்கிற லேபிள்தான் நம்பகமானது. இரும்பு பீமுக்கு மட்டும் டைப் நேமே சரி. ஐஎஸ்எம்பி 300 என்பது ஆலையில் உருட்டி வரும் செக்‌ஷனின் பெயர், அதன் அளவை யாரும் இழுத்து மாற்றப் போவதில்லை.

ஷேர்டு பாராமீட்டர்: இங்கே அவசரப்படாதீர்கள்

புதியவர்கள் அதிகமாகத் திணறும் இடம் இது. ரெவிட்டில் பீம் போன்ற பொருளுக்கு நாம் உருவாக்கும் பாராமீட்டர் மூன்று விதம். ஃபேமிலிக்குள் மட்டும் இருப்பது ஒன்று. ப்ராஜெக்டில் மட்டும் இருப்பது இன்னொன்று. மூன்றாவது ஷேர்டு பாராமீட்டர். நாமே உருவாக்கிய பாராமீட்டர் டேக்கில் தெரிய வேண்டுமென்றால் அது ஷேர்டாகத்தான் இருக்க வேண்டும். மற்ற இரண்டும் ப்ராப்பர்ட்டீஸ் பேனலில் கண்ணுக்குத் தெரியும், டேக் செய்யும்போது மட்டும் பட்டியலில் வராது.

ஷேர்டு பாராமீட்டர் எல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். 'மேனேஜ்' டேபில் 'ஷேர்டு பாராமீட்டர்ஸ்' என்பதை அழுத்தினால் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுக்கவோ புதிதாக உருவாக்கவோ கேட்கும். ஆபீஸ் சர்வரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று முதலில் சீனியரிடம் கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு ஷேர்டு பாராமீட்டருக்கும் ரெவிட் உள்ளுக்குள் ஒரு நீளமான அடையாள எண் கொடுக்கிறது. மாடலும் டேக்கும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு புது ஃபைல் போட்டு அதில் 'பீம் எண்' என்று உருவாக்குகிறீர்கள். பக்கத்து சீட்காரரும் தன் ஃபைலில் அதே பெயரில் ஒன்று உருவாக்குகிறார். பெயர் ஒன்று, அடையாள எண் இரண்டு. அவர் செய்த டேக்கை உங்கள் மாடலில் ஏற்றினால், பீமில் மதிப்பு இருந்தும் டேக்கில் கேள்விக்குறிதான் நிற்கும். ஏன் என்று தெரியாமல் அரை நாள் போய்விடும். ப்ராப்பர்ட்டீஸில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரி, ஃபைல் கிடைத்துவிட்டது. அதில் 'ஸ்ட்ரக்சர்' என்ற மாதிரி ஒரு குரூப் போட்டு, 'பீம் எண்' என்ற பாராமீட்டரை டெக்ஸ்ட் வகையாக உருவாக்குங்கள். நம்பர் வகையாக வேண்டாம், 'பி12ஏ' என்று எழுத வேண்டிய நாள் வரும். ஒருமுறை உருவாக்கிய பிறகு வகையை மாற்ற முடியாது.

அடுத்து 'ப்ராஜெக்ட் பாராமீட்டர்ஸ்' போய், புதிதாகச் சேர்க்கும் பெட்டியில் 'ஷேர்டு பாராமீட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, நாம் உருவாக்கியதை எடுங்கள். 'இன்ஸ்டன்ஸ்' (ஒவ்வொரு பீமுக்கும் தனி மதிப்பு) என்று வையுங்கள், ஏனென்றால் ஒரே சைஸ் பீம்களுக்கும் வேறு வேறு எண் வரும். கேட்டகரி பட்டியலில் 'ஸ்ட்ரக்சுரல் ஃப்ரேமிங்' மட்டும் டிக். இப்போது மாடலில் எந்த பீமைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'பீம் எண்' என்ற காலி இடம் தெரியும். ஒன்றிரண்டு பீம்களில் எண்ணை நிரப்பி வையுங்கள், சோதிக்கத் தேவைப்படும்.

அகலம், ஆழத்துக்கு பீம் ஃபேமிலியைத் திறக்க வேண்டும். 'ஃபேமிலி டைப்ஸ்' பெட்டியில் அகலத்துக்கான பாராமீட்டரைத் தேர்ந்தெடுத்து, பென்சில் படத்தை அழுத்தி, அதை ஷேர்டு பாராமீட்டராக மாற்றுங்கள். ஆழத்துக்கும் அப்படியே. பழைய பாராமீட்டர் எந்த வகையோ, அதே வகையில் ஷேர்டு பாராமீட்டரையும் முன்னதாகவே உருவாக்கி வைத்திருக்க வேண்டும். மாற்றியதும் ஆழத்தை ஒருமுறை கூட்டிக் குறைத்து, பீமின் வடிவம் அதன்படி அசைகிறதா என்று பார்த்துவிட்டு ப்ராஜெக்டில் ஏற்றுங்கள்.

டேக் ஃபேமிலி

காலி டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ரெவிட்டோடு வரும் ஸ்ட்ரக்சுரல் ஃப்ரேமிங் டேக் ஒன்றை பிளானில் வைத்து, அதைத் தேர்ந்தெடுத்து, மேலே 'எடிட் ஃபேமிலி' அழுத்துங்கள். திறந்ததும் முதல் வேலை 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமிப்பது. அப்புறம்தான் மற்றது.

உள்ளே ஏற்கெனவே ஒரு லேபிள் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து 'எடிட் லேபிள்' அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். இடது பக்கம் கிடைக்கும் பாராமீட்டர்கள், வலது பக்கம் லேபிளில் காட்டப்போகிறவை. இடது பட்டியலில் நம் 'பீம் எண்' இருக்காது. பட்டியலுக்குக் கீழே உள்ள சிறிய பொத்தானை அழுத்தி, அதே ஷேர்டு பாராமீட்டர் ஃபைலிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். அகலம், ஆழம் இரண்டையும் இதேபோல.

மூன்றையும் அம்புக்குறியால் வலது பக்கம் அனுப்புங்கள். பழைய டைப் நேமை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். வலது பக்க அட்டவணையில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஒரு வரிசை, அதில் ஸ்பேசஸ், ப்ரிஃபிக்ஸ், சாம்பிள் வேல்யூ, சஃபிக்ஸ், பிரேக் என்ற கட்டங்கள். 'பீம் எண்' வரிசையில் 'பிரேக்' டிக் செய்தால் அடுத்தது கீழ் வரிக்குப் போகும். ஆழத்தின் வரிசையில் ப்ரிஃபிக்ஸ் கட்டத்தில் x போட்டு, ஸ்பேசஸில் 0 கொடுங்கள். இப்போது 300x600 இடைவெளி இல்லாமல் சேர்ந்து நிற்கும். சாம்பிள் வேல்யூ ஃபேமிலிக்குள் பார்ப்பதற்கு மட்டும்தான், ஆனாலும் அதில் நிஜமான ஒரு மதிப்பைப் போட்டு வைத்தால் லேபிளின் அகலத்தைச் சரியாகக் கணிக்கலாம்.

அகலம், ஆழம் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, அலகு வடிவத்தை மாற்றும் பொத்தானை அழுத்துங்கள். 'யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு, மில்லிமீட்டர், புள்ளிக்குப் பிறகு எண் வேண்டாம், அலகுக் குறியும் வேண்டாம் என்று வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ப்ராஜெக்டை மீட்டரில் வைத்திருக்கும் ஒருவரின் பிளானில் 0.30x0.60 என்று வந்து நிற்கும்.

'ராப் பிட்வீன் பாராமீட்டர்ஸ் ஒன்லி' என்பதையும் டிக் செய்யுங்கள். லேபிள் பெட்டி கொஞ்சம் குறுகலாக இருந்தாலும் எண்ணை நடுவில் முறித்து 300x60 மேலே, 0 கீழே என்று ஆக்காது.

சங்கன் லெவல் வரி

மூன்றாவது வரிக்குத் தனி லேபிள் போடுங்கள், முதல் லேபிளிலேயே சேர்க்க வேண்டாம். 'கிரியேட்' டேபில் 'லேபிள்' எடுத்து, முதல் லேபிளுக்குக் கீழே சொடுக்கி, 'ஸ்டார்ட் லெவல் ஆஃப்செட்' என்ற பாராமீட்டரைச் சேர்த்து, ப்ரிஃபிக்ஸில் திறக்கும் அடைப்புக்குறி, சஃபிக்ஸில் மூடும் அடைப்புக்குறி.

இப்போது இறங்காத பீம்களில் (0) என்று வரும். பிளான் முழுக்க நூறு இடத்தில் (0) இருந்தால் (-300) கண்ணில் படவே படாது. அதனால் இந்த இரண்டாவது லேபிளைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் 'விசிபிள்' என்பதற்கு வலது ஓரத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி, 'லெவல் காட்டு' என்று ஆம்/இல்லை வகை பாராமீட்டர் ஒன்றை, டைப் பாராமீட்டராக (ஒரு டைப்புக்கு ஒரே மதிப்பு) உருவாக்கி இணையுங்கள். பிறகு 'ஃபேமிலி டைப்ஸ்' போய் இரண்டு டைப் உருவாக்குங்கள்: 'எண் சைஸ்' என்பதில் டிக் இல்லை, 'எண் சைஸ் லெவல்' என்பதில் டிக். ஒரே ஃபேமிலி, இரண்டு முகம். பிளானில் எல்லாவற்றுக்கும் முதல் டைப்பைப் போட்டுவிட்டு, பாத்ரூம் பீம்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாவதுக்கு மாற்றினால் போதும்.

பீமை இறக்குவதற்கு ரெவிட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. ஆரம்ப, முடிவு லெவல் ஆஃப்செட்டை மாற்றலாம், இல்லை இசட் ஆஃப்செட் மதிப்பை மாற்றலாம். ஒருவர் இசட் ஆஃப்செட்டில் இறக்கினால் நம் லேபிள் (0) என்றுதான் சொல்லும். டீமில் எல்லோரும் ஒரே வழியில் இறக்க வேண்டும் என்று பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். இது மென்பொருளால் தீர்கிற விஷயம் இல்லை.

எழுத்தளவு, திரும்பும் திசை

எழுத்தின் உயரம் தாளில் அச்சாகும் உயரம். 2.5 மி.மீ. என்று வைத்தால் 1:50 பிளானிலும் 1:100 பிளானிலும் 2.5 மி.மீ.தான். ஆனால் சைட்டுக்குப் போவது பல நேரம் ஏ1 தாள் இல்லை, அதையே ஏ3-யில் சுருக்கி எடுத்த பிரின்ட். ஏ1-ஐ ஏ3 ஆக்கினால் நீளமும் அகலமும் பாதியாகிவிடும், உங்கள் எழுத்து 1.25 மி.மீ. ஆகிவிடும். சாரத்தின் மேல் நின்று அதைப் படிக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். 2.5-க்குக் கீழே போகாதீர்கள். இடம் போதாவிட்டால் உயரத்தைக் குறைப்பதற்குப் பதில் 'விட்த் ஃபேக்டர்' 0.8 வைத்துப் பாருங்கள்.

'ஃபேமிலி கேட்டகரி அண்ட் பாராமீட்டர்ஸ்' பெட்டியில் 'ரொட்டேட் வித் காம்போனென்ட்' டிக் செய்தால் சாய்ந்த பீமுக்கு லேபிளும் சாயும். பீம் டேக்குக்கு இது வேண்டும்.

ஏற்றுவது, சோதிப்பது

'லோட் இன்டு ப்ராஜெக்ட்' அழுத்துங்கள். 'டேக் பை கேட்டகரி'யில் ஒவ்வொன்றாகப் போடலாம், கீபோர்டில் டி, ஜி. ஃப்ளோர் முழுக்க ஒரே நேரத்தில் போட 'டேக் ஆல்' இருக்கிறது. முதல் தடவையே 'டேக் ஆல்' போடாதீர்கள். வேண்டுமென்றே சிக்கலான சில பீம்களைத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள்: பிளானில் மேலும் கீழுமாக ஓடும் ஒன்று, சாய்ந்த ஒன்று, மிகக் குட்டையான ஒன்று, இறங்கிய ஒன்று, எண் கொடுக்காத ஒன்று. எண் கொடுக்காததில் எண் விடுபட்டோ கேள்விக்குறியாகவோ தெரிய வேண்டும். அதை மறைக்க முயலாதீர்கள். டிராயிங் வெளியே போகும் முன் செக்கர் கண்ணில் படுவதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

இன்னொரு சோதனை: ஒரு பீமின் ஆழத்தை 750 ஆக்கிப் பாருங்கள். லேபிள் உடனே 300x750 ஆனால் வேலை சரி.

பிளானில் டேக்கின் எழுத்தையே சொடுக்கி மாற்றவும் ரெவிட் அனுமதிக்கும். பீம் எண்ணை அப்படி மாற்றினால் அந்த ஒரு பீமில் மட்டும் மாறும், தவறில்லை. சைஸைச் சொடுக்கி மாற்றினால், இது டைப் பாராமீட்டர், பல பீம்களைப் பாதிக்கும், தொடரலாமா என்று ஒரு பெட்டி வரும். அங்கே யோசிக்காமல் 'எஸ்' அழுத்தினால் கட்டடம் முழுக்க அந்த டைப்பில் உள்ள பீம் எல்லாம் மாறிவிடும். அந்தப் பெட்டியைப் படியுங்கள்.

கம்பி லேபிளும் வெளிநாட்டு வேலையும்

கம்பிக்கும் முறை இதேதான், ஆனால் இரண்டு டேக் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் சொல்லும் மெயின் கம்பிக்கு ஒன்று, 4-டி20 (20 மி.மீ. கம்பி நான்கு) என்பது போல. இடைவெளியில் சொல்லும் ரிங்குக்கும் ஸ்லாப் கம்பிக்கும் இன்னொன்று, டி10 @ 150 சி/சி (10 மி.மீ. கம்பி, மையத்துக்கு மையம் 150 மி.மீ.) என்பது போல. 'டி', '@', 'சி/சி' மூன்றும் ப்ரிஃபிக்ஸ், சஃபிக்ஸ் கட்டங்களில் போகும். 10-ம் 150-ம் மாடலிலிருந்து வரும்.

பெங்களூரில் கூடுதல் கவனம் தேவைப்படுவது எங்கே என்றால், காலையில் இந்திய ப்ராஜெக்ட் செய்யும் அதே கை மதியம் பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவுக்கோ செய்யும். 16 மி.மீ. கம்பிக்கு பிரிட்டனில் எச்16, ஆஸ்திரேலியாவில் என்16. அமெரிக்காவில் கம்பியின் எண் அங்குலத்தின் எட்டில் எத்தனை பங்கு என்பது. #5 என்றால் 5/8 அங்குலம், ஏறத்தாழ 16 மி.மீ. இதே # குறி நம் நாட்டில் வேறு. இந்தியத் தர அமைவனம் 1987-ல் வெளியிட்ட எஸ்பி 34 கையேட்டில் # என்பது முறுக்குக் கம்பிக்கான குறி. இந்திய டிராயிங்கில் விட்ட அளவோடு சேர்ந்து நிற்கும் அதே குறி, அமெரிக்க டிராயிங்கில் எண்ணுக்கு முன்னால் நின்று வேறு கணக்கைச் சொல்கிறது. ஒரு நாட்டு டேக்கை இன்னொரு நாட்டு ப்ராஜெக்டுக்கு நகலெடுத்தால் சைஸே தப்பாகிவிடும். நாட்டுக்கொரு டேக் செட் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்பதை ஜெனரல் நோட்ஸ் ஷீட்டிலும் எழுதுங்கள்.

இரும்பு செக்‌ஷனிலும் இதைப் பார்க்கலாம். அமெரிக்க டபிள்யூ12x26-ல் 12 அங்குலக் கணக்கில் ஆழம், 26 ஒரு அடிக்கு இத்தனை பவுண்டு என்ற எடை. நம் ஐஎஸ்எம்பி 300-ல் ஆழம் மட்டும்தான் பெயரில் இருக்கிறது. டேக்கில் 'x'-க்கு அப்புறம் வருவது எப்போதும் இன்னொரு பக்க அளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

டெக்லா என்ற இன்னொரு மாடலிங் மென்பொருளைப் பயன்படுத்தும் ஸ்டீல் டீட்டெய்லிங் ஆபீஸில் சேர்ந்திருந்தால் பெயர்கள் மாறும். அங்கே டேக் இல்லை, 'மார்க்' (ரெவிட்டின் 'மார்க்' பாராமீட்டர் வேறு). மார்க் ப்ராப்பர்ட்டீஸில் ப்ரொஃபைல், பார்ட் பொசிஷன், அசெம்ப்ளி பொசிஷன் என்று பட்டியலிலிருந்து எடுத்து அடுக்கி, அந்த அமைப்பை ஒரு பெயரில் சேமிக்கிறோம். அது மாடல் ஃபோல்டருக்குள் 'ஆட்ரிப்யூட்ஸ்' என்ற இடத்தில் உட்காரும். அடுத்த மாடலிலும் தானாகக் கிடைக்க வேண்டுமென்றால் ஆபீஸின் ஃபர்ம் ஃபோல்டரில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரெவிட்டில் செய்து முடித்த டேக்கை சர்வர் லைப்ரரியில் வைக்கும்போது பெயரிலேயே நாடும் பொருளும் தெரியட்டும்: 'இந்தியா_பீம்_கான்கிரீட்' என்பது போல. 'நியூ டேக் ஃபைனல்' என்ற பெயரை ஆறு மாதம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புது வெர்ஷனில் சேமித்த ஃபேமிலி பழைய வெர்ஷனில் திறக்காது என்பதையும் கவனியுங்கள். ஆபீஸில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட்களில் எது பழைய வெர்ஷனோ, அந்த வெர்ஷனிலேயே மூல ஃபைலைச் செய்து வையுங்கள்.